யார் வீட்டுப் பிள்ளைகள்?

2025 மே மாதம் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தபோது மாநிலத்தில் முதலிடம் சிவகங்கை மாவட்டத்துக்கு. தேர்ச்சி 98.31 சதவீதம். மாநிலம் முழுவதற்குமான தேர்ச்சி 93.80. இது ஒரு வருடத்து அதிர்ஷ்டமும் இல்லை. 2023இல் 97.53, 2024இல் 97.02 என்று அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் இரண்டாமிடத்தில் இருந்த மாவட்டம்தான். சில மாதம் கழித்து இன்னொரு பட்டியல் வெளிவந்தது. ஒரு பிள்ளைகூடச் சேராமல் பூட்டிக் கிடக்கும் பள்ளிகள் மாநிலத்தில் 200க்கும் மேல் என்றது அது. அந்தப் பட்டியலிலும் சிவகங்கையின் பெயர் முன்வரிசையில் இருந்தது.

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் இந்த இரண்டு செய்திகளையும் ஒரே தெருவில் பார்க்கலாம். மூத்த பிள்ளை பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் நானூறைத் தாண்டி மதிப்பெண் வாங்கி வந்திருக்கும். உள்ளூர்த் தொடக்கப் பள்ளியிலோ ஐந்து வகுப்புக்கும் சேர்த்துப் பதினைந்து பேர், இருபது பேர். கட்டடம் மட்டும் நூறு பிள்ளைகளைத் தாங்கும். பள்ளி தேய்ந்துவிட்டது என்று வருந்துகிறவர்கள் பெரும்பாலும் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அந்த இருபது பேர் யார் வீட்டுப் பிள்ளைகள் என்பது. அவர்களுடைய கொள்ளுத் தாத்தா காலத்தில் அந்தப் படியில் அவர்கள் கால் வைத்திருக்க முடியுமா என்பது.

காரைக்குடியைச் சுற்றியுள்ள இந்தச் செட்டிநாட்டில் படிப்பு என்பது முதலில் கடைக்கான படிப்பாகத்தான் இருந்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதிப் பழக வேண்டும். எண்சுவடியை ஒப்பிக்க வேண்டும். முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு, காணி என்றால் 80இல் ஒன்று, மா என்றால் 20இல் ஒன்று. இவற்றைக் கூட்டுவதும் பெருக்குவதும் தாளில் இல்லை, மனதுக்குள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் நகரத்தார் எனப்படும் செட்டியார் வீட்டுப் பையன் கப்பலேறுவான். ரங்கூனிலோ பினாங்கிலோ கொழும்பிலோ ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக உட்காருவான். கை தேறினால் அடுத்தாள், பிறகு மேலாள். மூன்று வருஷக் கணக்கு முடித்து ஊர் திரும்பும்போது அவன் எப்படிப் படித்தவன் என்பதைக் கடையின் ஐந்தொகை சொல்லிவிடும். அதைவிடக் கறாரான மதிப்பெண் பட்டியலை நான் கேள்விப்பட்டதில்லை.

அந்தக் கடைகளின் லாபத்தில் மகமை என்று ஒரு பங்கு தருமத்துக்கு ஒதுங்கியது. கோயில், குளம், ஊருணி, வேத பாடசாலை என்று போய்க்கொண்டிருந்த அந்தப் பணம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளிக்கூடத்தின் பக்கமும் திரும்பியது. 1909இல் மேலைச்சிவபுரியில் சன்மார்க்க சபை தோன்றியது, தமிழ் படிக்க அங்கே ஒரு கல்லூரி எழுந்தது. 1917இல் காரைக்குடியில் இந்து மதாபிமான சங்கம் வந்தது. 1919இல் பாரதி அங்கே வந்து போனார். கானாடுகாத்தானின் அண்ணாமலைச் செட்டியார் 1929இல் சிதம்பரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தையே நிறுவினார். கோட்டையூரின் அழகப்பச் செட்டியார் 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். அடுத்து, மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்சம் ரூபாயையும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் ஆய்வகம் திறக்கப்பட்டது. பெரிய பெயர்கள் இவை. இவற்றின் நிழலில், அநேகமாக ஒவ்வொரு நகரத்தார் ஊரிலும் யாரோ ஒரு செட்டியார் தன் தகப்பனார் பெயரிலோ ஆத்தாள் பெயரிலோ ஒரு சிறிய பள்ளிக்கூடம் கட்டினார். வாசலில் உபயம் எழுதிய கல், மேலே தேக்கு உத்தரம், சுண்ணாம்பு பூசி வழவழவென்று தேய்த்த சுவர், வெயிலடிக்காத நீளத் தாழ்வாரம். அப்படிப்பட்ட கட்டடங்கள் சில இன்னும் கெட்டியாக நிற்கின்றன. சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன் அமராவதிபுதூரில் எட்டாம் வகுப்புவரை படித்தவர். அவர் பெற்ற பள்ளிப் படிப்பு அவ்வளவுதான். அந்த அளவுக்கு வாய்த்தது அந்தக் காலத்தில் பெரிய காரியம்.

எல்லோருக்கும் வாய்க்கவில்லை. இதைச் சொல்லாமல் செட்டிநாட்டின் கல்விப் பெருமையைப் பேச எனக்கு மனம் ஒப்பவில்லை.

அப்போது இந்தப் பகுதி ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. 1985இல்தான் அது பிரிந்தது. 1930 டிசம்பரில் அந்த மாவட்டத்தின் ஆதிக்கச் சாதி நாட்டார்கள் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது, சட்டையோ பனியனோ போடக் கூடாது, ஆண்களின் வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது, பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது, மண் பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது, குடையும் செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, தானியம் அழிந்தது, ஆடு மாடுகள் கொள்ளை போயின. அது போதாதென்று 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாகத் திரும்ப வந்தன. அவற்றில் ஒன்று பிள்ளைகளைப் பற்றியது: அவர்கள் எழுதப் படிக்கக் கூடாது, மிராசுதாரர்களின் மாடுகளை மேய்ப்பதோடு சரி. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன், சாதி பற்றித் தாம் எழுதி 1946இல் வெளிவந்த நூலில் இதையெல்லாம் வரிசையாகப் பதிவு செய்திருக்கிறார். 1934 ஜனவரியில் தீண்டாமை ஒழிப்புச் சுற்றுப்பயணமாகத் தேவகோட்டைப் பக்கம் வந்த காந்தி, நாட்டார்களை நேரில் சந்தித்துப் பேச வேண்டியிருந்தது.

மேலைச்சிவபுரியில் தமிழ்க் கல்லூரி, கோட்டையூரில் புத்தகம் சேர்க்கும் ஆர்வம், காரைக்குடியில் பத்திரிகைகள் என்று படிப்பு பூத்துக் குலுங்கிய அதே காலத்தில், அதே மண்ணில், ஒரு பிள்ளை சிலேட்டைத் தொடுவது குற்றம் என்று கூடிப் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். பள்ளி வாசல் கல்லில் கட்டியவரின் பெயரைப் படிக்கும்போதெல்லாம் இது என் நினைவுக்கு வருகிறது. கட்டியவரின் கொடையை அது குறைத்துவிடாது. ஆனால் அந்தக் கொடை யாரிடம் போய்ச் சேர்ந்தது, யாரிடம் சேரவில்லை என்பதும் கணக்கில் ஏற வேண்டும்.

பிறகு பணத்தின் ஊற்று அடைபட்டது. 1942இல் ஜப்பானியர்கள் பர்மாவுக்குள் நுழைய, நடந்தும் கப்பலேறியும் உயிர் தப்பி வந்தவர்கள் பலர். 1948இல் சுதந்திர பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் கொண்டு வந்தது. 1960களின் தொடக்கத்தில் நீ வின் ஆட்சி வங்கிகளையும் கடைகளையும் எடுத்துக்கொண்டது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் ஒரு காலத்தில் செட்டிநாட்டுக் கடைகளின் கையில் இருந்தது. அது போனபின் ஊர்ப் பள்ளிக்குச் சுண்ணாம்படிக்கக்கூட முன்போலக் கை நீளவில்லை.

அந்த நேரத்தில்தான் அரசாங்கம் உள்ளே வந்தது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தை, மறு ஆண்டு முதலமைச்சரான காமராஜர் கைவிட்டார். 300 பேர் வாழும் ஊருக்கு ஒரு பள்ளி என்று விரித்தார். 1956இல் மதிய உணவு தொடங்கியது. 1958இல் கடம்பத்தூரில் ஆரம்பித்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராகப் பரவின. கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய அந்த மாநாடுகளில் மக்கள் பெஞ்சும் கரும்பலகையும் மணியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். செட்டிநாட்டுக்கு அது பழகிய காரியம். புதியது, அந்தப் பெஞ்சில் யார் உட்கார்ந்தார்கள் என்பதுதான். மாடு மேய்க்கப் போயிருக்க வேண்டிய பிள்ளை மதியச் சோற்றுக்காக வந்தது. சோற்றுக்காக வந்தது அட்டவணையில் பெயராகி, பெயர் ஐந்தாம் வகுப்பாகி, பிறகு பேருந்து ஏறிக் காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் போயிற்று. 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு அந்த வரிசையை இன்னும் நீளமாக்கியது.

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் படித்தவர்கள் சொல்லக் கேட்டால், அது ஒரு சிறிய இடைக்காலம் போலத் தெரிகிறது. செட்டியார் வீட்டுப் பேரனும் அந்த வீட்டுக்குக் கணக்கெழுதியவர் மகனும் வலையர் தெருப் பையனும் கோனார் வீட்டுப் பெண்ணும் சேரிப் பிள்ளையும் ஒரே வகுப்பில் இருந்திருக்கிறார்கள். எல்லாம் சரியாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. தண்ணீர்ப் பானை எங்கே இருந்தது, யார் மொண்டு ஊற்றினார்கள் என்று கேட்டால் பேச்சு தயங்குகிறது. இருந்தாலும் ஒரே வாத்தியார், ஒரே பாடம், ஒரே பரீட்சை. அந்த அளவுக்குக் கலந்த வகுப்பறை அதற்கு முன்பும் இருந்ததில்லை, பின்பும் இல்லை.

கலைந்ததற்கு முதல் காரணம், நகரத்தார் குடும்பங்கள் சென்னைக்கும் கோவைக்கும் கடல் கடந்தும் குடிபோனது. வீடு இங்கே, வாழ்க்கை அங்கே. இரண்டாவது காரணம் வேன். 1978இல் மெட்ரிகுலேஷன் பள்ளிகளுக்கென்று தனி வாரியம் அமைந்த பிறகு நகரங்களில் அந்தப் பள்ளிகள் பெருகின. காலை ஏழரைக்கு மஞ்சள் வேன் ஊருக்குள் வந்து நிற்கத் தொடங்கியது. சிங்கப்பூர் சம்பளம், துபாய் சம்பளம், டவுனில் போட்ட மளிகைக்கடை என்று கையில் நாலு காசு புழங்கியவர்கள் எல்லாச் சாதியிலும் பிள்ளையை அதில் ஏற்றினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆங்கிலம் பேசினால்தான் மதிப்பு என்று சுற்றியிருந்த எல்லாமே சொல்லிக்கொண்டிருந்தது. மூன்றாவது காரணம் பிறப்பு. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 குழந்தை என்றது 2020ஆம் ஆண்டுக் கணக்கு. ஊரில் குழந்தையே குறைவு, இருக்கிற குழந்தையில் பாதி வேனில். தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கிக் கட்டணத்தை அரசே செலுத்தும் ஏற்பாடும் கல்வி உரிமைச் சட்டத்தின்படி வந்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் ஊர்ப் பள்ளியில் மிஞ்சியிருந்தவர்களிலும் சிலரை அது வேனுக்கு அனுப்பியது.

மிஞ்சியவர்கள்தான் அந்த இருபது பேர். காரைக்குடிக்குப் பக்கத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளியில் ஒரு புதன்கிழமை முற்பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். காலைச் சாப்பாடு வெண்பொங்கலும் சாம்பாரும். 2022 செப்டம்பரில் தொடங்கி 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த திட்டம். தட்டைக் கழுவி அடுக்கிவிட்டுப் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் ஒரே அறையில், ஒரே ஆசிரியையிடம். வகுப்பு வாரியாக அவர்கள் உட்காரவில்லை. எண்ணும் எழுத்தும் முறையில் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்ற அளவுக்கேற்ப உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் அரும்பில் இருந்தான். வீட்டில் இந்தி பேசுகிறவன், கட்டட வேலைக்கு வந்த குடும்பம். எழுத்து அட்டையில் ‘ழ’வைப் பார்த்து நாக்கை மடக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தான், பக்கத்தில் இருந்த சிறுமி அவன் வாயைப் பார்த்துத் திருத்திக்கொண்டே இருந்தாள். அவனைவிட ஒரு வகுப்பு கீழே படிப்பவள் அவள், ஆனால் மலர். அவளுடைய அப்பாவும் அம்மாவும் திருப்பூரில் பனியன் கம்பெனியில். இவள் அப்பத்தாவிடம் வளர்கிறாள். அப்பத்தா பேத்தியின் ஆதார் நகலைக் கொடுக்க வந்திருந்தார். “நூறு நாள் வேலை அட்டையில என்ன எழுதியிருக்குன்னு இவதான் டீச்சர் எனக்கு வாசிச்சுச் சொல்றா” என்றார். ஆசிரியை ஒரு கையில் பைலையும் மறு கையில் செல்போனையும் வைத்திருந்தார். வருகைப் பதிவைச் செயலியில் ஏற்றியாக வேண்டும், சிக்னல் கிடைக்கவில்லை. தலைமையாசிரியர் அன்று பயிற்சிக்குப் போயிருந்ததால் நான்கும் ஐந்தும் சேர்ந்து ஐந்து வகுப்புக்கும் ஆசிரியை ஒருவர்தான்.

எழுதப் படிக்கக் கூடாது என்று எந்தத் தெருவுக்குத் தடை விதித்தார்களோ, அந்தத் தெருவிலிருந்துதான் அந்த வகுப்பறையின் பெரும்பகுதி வருகிறது. அந்தப் பிள்ளைகள் இல்லையென்றால் அந்தப் பள்ளி என்றோ மூடியிருக்கும். ஊர்ப் பள்ளியைக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் அவர்கள்தான் என்று நான் நினைக்கிறேன். அதை ஊர் இன்னும் உரக்கச் சொல்லவில்லை.

இனி மதிப்பெண். இப்படிப்பட்ட தொடக்கப் பள்ளிகளிலிருந்தும் கிளம்பிய பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டுதான் மாவட்டம் 98.31 எடுத்தது. அது எப்படி வந்தது என்று இந்தப் பக்கத்து உயர்நிலைப் பள்ளிகளில் பார்த்தால் தெரியும். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் மெல்லக் கற்போர் என்று ஒரு பட்டியல் எடுப்பார்கள். ஒவ்வொரு ஆசிரியருக்கும் சில பிள்ளைகளைத் தத்துக் கொடுத்ததுபோல் ஒப்படைப்பார்கள். மாலை ஆறரைவரை சிறப்பு வகுப்பு, சுண்டல், மறுநாள் சிறுதேர்வு. வராத பையனைத் தேடி ஆசிரியர் வீட்டுக்கே போவார். 35 மதிப்பெண் எந்தெந்தக் கேள்வியில் கிடைக்கும் என்று பிள்ளைக்குக் கைப்பாடமாகிவிடும். இந்த உழைப்பை நான் மதிக்கிறேன். பத்தாம் வகுப்பில் தோற்ற பிள்ளை பதினைந்து வயதில் பரோட்டாக் கடைக்குப் போகும், பெண் என்றால் மாப்பிள்ளை பார்ப்பார்கள். ஆகவே அந்த 35 ஒரு பெரிய வேலி தாண்டல்.

பெண் பிள்ளைகள் அதைப் பையன்களைவிட நன்றாகத் தாண்டுகிறார்கள். 2025இல் மாநில அளவில் மாணவியர் தேர்ச்சி 95.88, மாணவர் 91.74. 1904இல், இந்த ஊர்களை அடுத்துள்ள புதுக்கோட்டையில், மகாராஜா கல்லூரியில் முத்துலட்சுமி என்ற பெண்ணைச் சேர்த்ததற்கே எதிர்ப்பு எழுந்தது. இன்று அரசுப் பள்ளியில் படித்த மாணவி கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் கணக்கில் ஏறுகிறது. 2020இல் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்குப் பிறகு அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரியும் எட்டாத இடமாக இல்லை.

ஆனால் மேலே இருக்கும் விளைச்சலைப் பார்த்துவிட்டு வேரை மறக்க முடியாது. பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் ஏசர் ஆய்வின்படி, தமிழ்நாட்டின் கிராமப்புறத்தில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018இல் 10.2 சதவீதம். கொரோனா முடிந்த 2022இல் 4.8. அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் தனியார் பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்த கணக்கு இது. ஆகவே வேனில் ஏற்றியதால் மட்டும் பிள்ளை படித்துவிட்டதாக யாரும் நிம்மதியடைய முடியாது. மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் தடுமாறும் பிள்ளையைப் பத்தாம் வகுப்பு ஆசிரியர் சுண்டல் வாங்கிக் கொடுத்துக் கரையேற்றுகிறார் என்றால், இடைப்பட்ட ஏழு வருடம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்ற கேள்வி இருக்கிறது. என் பதில், ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள், அதிலும் ஒருவர் பயிற்சியில் என்பதுதான். 60 பிள்ளைகள்வரை இரண்டு ஆசிரியர் என்ற விகிதம் தாளில் தாராளமாகத் தெரியும். ஐந்து பாடத்திட்டத்தை இரண்டு பேர் நடத்துவது எப்படி என்று அந்தத் தாள் சொல்லாது.

பெற்றோர் அரசுப் பள்ளியை விட்டு ஒரேயடியாக ஓடிவிட்டார்கள் என்பதும் உண்மையில்லை. கொரோனாவில் வருமானம் போன 2022இல், தமிழ்நாட்டுக் கிராமங்களில் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் 75.7 சதவீதம் பேர் அரசுப் பள்ளியில் இருந்ததாக அதே ஆய்வு சொன்னது. 2018இல் அது 67.4. காரைக்குடி நகருக்குள்ளேயே இராமநாதன் செட்டியார் மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கப் பெற்றோர் முண்டியடிக்கிறார்கள். ஆசிரியர்கள் முழு எண்ணிக்கையில் இருந்து, கழிப்பறையில் தண்ணீர் வந்து, ஆங்கிலமும் சொல்லித் தந்தால் மாநகராட்சிப் பள்ளி என்பதற்காக யாரும் ஒதுங்கிப் போவதில்லை.

நகரத்தார் இன்றும் ஊருக்கு வருகிறார்கள். படைப்புக்கு, கல்யாணத்துக்கு, கும்பாபிஷேகத்துக்கு. ஒன்பது நகரக் கோயில்களையும் அவர்கள் காக்கும் சிரத்தையைப் பார்த்து நான் வியந்திருக்கிறேன். அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கோயிலுக்கு வந்த கையோடு, தாத்தா கட்டிய பள்ளிக்குள்ளும் ஒரு முறை போய் வாருங்கள். 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ வழியாகப் பணம் கொடுப்பது எளிது. பெயிண்டும் ஸ்மார்ட் போர்டும் வேண்டாம். மூன்றாவதாக ஓர் ஆசிரியருக்குச் சம்பளம், காலையும் மாலையும் ஓர் ஆட்டோவுக்கு வாடகை. இந்த இரண்டும் இருந்தால் இருபது நாற்பதாகும்.

அரசுக்குச் சொல்ல வேண்டியது வேறு. பிள்ளையே இல்லாத பள்ளியைப் பூட்டுவதில் எனக்கு வாதமில்லை. ஏழு பேர், எட்டுப் பேர் இருக்கும் பள்ளியைப் பக்கத்து ஊரோடு இணைக்கும்போதுதான் யோசிக்க வேண்டும். ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி என்கிறது விதி. அந்தக் கிலோமீட்டரை ஊர் மந்தையிலிருந்து அளக்கக் கூடாது, காலனியின் கடைசி வீட்டிலிருந்து அளக்க வேண்டும். கருவேலங்காட்டு ஒற்றையடிப் பாதையில் ஆறு வயதுப் பிள்ளை தனியே நடக்க முடியுமா என்று அதிகாரி ஒருவர் ஒரு முறை நடந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும். நான் போன பள்ளியில் அடுத்த ஜூனில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வெளியேறுவார்கள். ஒன்றாம் வகுப்பில் சேர அங்கன்வாடியில் தயாராக இருப்பவர்கள் மூன்று பேர், மூவரும் காலனிப் பிள்ளைகள்.